வாட்ச்மேனுக்கு எதற்கு சாவிக்கொத்து?

என் அசட்டுத்தனத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன். போன செமஸ்டரில் ஃபைல் பெயரைக் கேட்டால் அந்த ஃபைலை அனுப்பும் சின்ன சர்வர் புரோகிராம் ஒன்று எழுதினேன். 'பெர்மிஷன் டினைட்' தொல்லை வேண்டாமே என்று ரூட்டாகவே ஓடவிட்டேன். பக்கத்து சிஸ்டத்திலிருந்து நண்பன் கேட்டதோ பாஸ்வேர்டுகள் இருக்கும் ஷேடோ ஃபைல்! என் புரோகிராம் மரியாதையாக எடுத்துக் கொடுத்துவிட்டது. லேபில் சிரிப்பு அடங்க ஐந்து நிமிஷம் ஆச்சு.

"எஸ்.எஸ்.எச். சர்வரும் ரூட்டாகத்தானே ஓடுது? அது எப்படித் தப்பிக்குது?" என்று கேட்டார் சார். தேடிப் படித்ததைச் சொல்கிறேன்.

தொலைவிலிருந்து லாகின் செய்ய உதவும் எஸ்.எஸ்.எச். சர்வர் 22ஆம் போர்ட்டில் உட்கார வேண்டும், பாஸ்வேர்டு சரிபார்க்க வேண்டும், பிறகு லாகின் செய்தவராகவே மாற வேண்டும். இதற்கெல்லாம் ரூட் அதிகாரம் தேவை. ஆனால் முகம் தெரியாதவன் அனுப்பும் பாக்கெட்டைப் பிரித்துப் படிப்பதும் அதே புரோகிராம்தான். அதில் ஒரு பிழை இருந்தால் போதும், வந்தவன் ரூட் ஆகிவிடுவான்.

நம் கேட் வாட்ச்மேனை நினைத்துப் பாருங்கள். யாரிடமும் பேசுவார். ஆனால் ஸ்டோர் ரூம் சாவி அவரிடம் இருக்காது. வேண்டுமென்றால் உள்ளே கேட்டுத்தான் சொல்வார். அவரை ஏமாற்றினாலும் ஸ்டோர் திறக்காது.

ஓப்பன் எஸ்.எஸ்.எச்.சில் 2002இல் நீல்ஸ் புரோவோஸ் கொண்டுவந்த 'பிரிவிலேஜ் செபரேஷன்', அதாவது அதிகாரப் பிரிப்பு, இதேதான். சர்வர் இரண்டு பிராசஸாகப் பிரிகிறது. வெளியாளிடம் பேசும் பிராசஸுக்கு ரூட் அதிகாரம் கிடையாது. காலி டைரக்டரி ஒன்றில் அடைபட்டிருக்கும். 'மானிட்டர்' என்ற இன்னொன்று ரூட்டாக இருக்கும். "இந்தப் பாஸ்வேர்டு சரியா?" என்பது போன்ற குறிப்பிட்ட சில கேள்விகளுக்கு மட்டும், அதுவும் உரிய வரிசையில் கேட்டால்தான், பதில் சொல்லும். லாகின் முடிந்ததும் அந்த யூசரின் அதிகாரம் மட்டுமே உள்ள புதிய பிராசஸ் வேலையைத் தொடரும்.

சோதனை உடனே வந்தது. 2002 ஜூனில் லாகினுக்கு முன்பே தாக்கக்கூடிய பெரிய ஓட்டை ஒன்று தெரிந்தது. விவரத்தை வெளியிடும் முன்பே, அதிகாரப் பிரிப்பு உள்ள 3.3 பதிப்புக்கு மாறச் சொன்னார்கள். அப்படி மாறியவர்களின் சர்வரில் நுழைந்தாலும் திருடனுக்குக் கிடைப்பது காலி டைரக்டரிதான். சில நாளில் 3.4 வந்து ஓட்டையை அடைத்தது.

இது சர்வரோக நிவாரணி அல்ல. 2024இல் வெளியான 'ரெக்ரஷன்' ஓட்டை ரூட்டாக ஓடும் பகுதியிலேயே இருந்ததால், அதைப் பிரிப்பால் தடுக்க முடியவில்லை. ஆகவே ரூட்டாக ஓடும் பகுதி எவ்வளவு சிறிதோ அவ்வளவு நல்லது.

இப்போது என் புரோகிராம் சாதாரண யூசராக ஓடுகிறது. நண்பன் மறுபடி ஷேடோ ஃபைல் கேட்டான். 'பெர்மிஷன் டினைட்' என்று வந்தது. தொல்லை என்று நான் நினைத்த அதே வரிதான்!

– இறுதியாண்டு மாணவன், கணினித் துறை