டீக்கடை தீர்ப்பு!

நாவலூரில் எங்க ஆபீஸுக்கு எதிரே ஒரு டீக்கடை. அதற்கு நாங்க வச்ச பேர் 'சுப்ரீம் கோர்ட்'. அம்பயர் கொடுத்த எல்.பி.டபிள்யூ.விலிருந்து மேனேஜர் கொடுக்காத இன்க்ரிமென்ட் வரைக்கும் அங்கே ஐந்தே நிமிஷத்தில் தீர்ப்பு. வாய்தாவே கிடையாது!

ஆனால் அன்றைக்கு வந்த கேஸ் சிரிக்கிற மாதிரி இல்லை. முந்தின ராத்திரி ஓ.எம்.ஆரில் நின்றிருந்த ஒரு லாரியின் பின்னால் பைக்கில் மோதி, ஒரு பையன் செத்துப்போனான்.

"பின்னாடி போய் முட்டினவன் மேலதான் சார் தப்பு!" என்றார் அக்கவுன்ட்ஸ் நண்பர்.

"தப்பு யாருதா இருந்தா என்ன தம்பி? பெரிய வண்டி மேலதான் கேஸ் விழும்" என்றார் மாஸ்டர், டீயை ஆற்றிக்கொண்டே.

நான் வாயைத் திறக்கவில்லை. ஏன்னா, அதே வழியாகப் பத்து நிமிஷம் முன்னாடி போனவன் நான். லாரி பாதி ரோட்டை அடைச்சு நின்றது. பின்னால் லைட் இல்லை, ரிஃப்ளெக்டர் இல்லை, அடையாளத்துக்கு ஒரு மரக்கிளைகூட இல்லை. கடைசி நொடியில் ஒடித்துத் தப்பித்து, டிரைவரைத் திட்டிவிட்டு, வீட்டுக்குப் போய்த் தூங்கிவிட்டேன்.

மனசு உறுத்தவே, தெரிந்த வக்கீல் ஒருத்தரைப் பிடித்தேன். "உங்க டீக்கடையில சொன்ன ரெண்டு தீர்ப்புமே தப்பு" என்றார்.

2011-ல் வட இந்தியாவில் ராத்திரி நேரம், நடுரோட்டில் விளக்கில்லாமல் நின்ற கேஸ் டேங்கர் மேல் ஒரு கார் மோதியது. ஹைகோர்ட், இரண்டு பேருக்கும் சரிபாதி தப்பு என்றது. 2018-ல் சுப்ரீம் கோர்ட் (நிஜமான சுப்ரீம் கோர்ட்!) அதை மாற்றி, முழுத் தப்பும் டேங்கர் டிரைவர் மேல் என்றது. அதே வருஷம் இன்னொரு வழக்கு. முன்னால் போன லாரி திடீரென்று பிரேக் போட, பின்னால் வந்த கார் மோதியது. கார் பத்துப் பதினைந்து அடி இடைவெளியில் ஒட்டிக்கொண்டு வந்ததால், தப்பு காருடையது என்று முடிவானது.

ஆக, முன்னாடியா பின்னாடியா, பெரிசா சிறிசா என்பது கணக்கில்லை. யார் கவனமாக இல்லை என்பதுதான் கணக்கு. ஸ்பாட்டில் போலீஸ் போடும் வரைபடம், டயர் தேய்ந்த தடம், பிரேக்கும் லைட்டும் வேலை செய்ததா என்று மோட்டார் வாகன ஆய்வாளர் தரும் ரிப்போர்ட், கண்ணால் பார்த்த சாட்சி... எல்லாம் சேர்ந்துதான் தீர்ப்பு.

"டிரைவர் விடுதலையாயிட்டா?" என்றேன்.

"கிரிமினல் கேஸ் வேற, இழப்பீட்டு கேஸ் வேற. நம்ம தமிழ்நாட்டு வழக்கே இருக்கு. தாழத் தொங்கின மின்கம்பியில் பஸ் உரசி 8 பேர் செத்தாங்க. கிரிமினல் கோர்ட் கடவுள் செயல்னு டிரைவரை விட்டுடுச்சு. இருந்தும் பஸ் முதலாளி இழப்பீடு கொடுக்கணும்னு 1980-ல் சுப்ரீம் கோர்ட் சொன்னது. எழுதினவர் நீதிபதி கிருஷ்ணய்யர்."

சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டியது கிரிமினல் கோர்ட்டில். இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில், 'இப்படித்தான் நடந்திருக்கும்' என்பதற்குப் பலம் அதிகமாக இருந்தாலே போதும். ஆனால் செத்தவர் மேலும் 30 சதவீதம் தப்பு என்று முடிவானால், 20 லட்சம் வரவேண்டிய குடும்பத்துக்கு 14 லட்சம்தான். மனுப் போடவும், 2022 ஏப்ரலிலிருந்து, விபத்து நடந்து ஆறு மாசம்தான் கெடு.

"அந்த லாரியில லைட் இல்லேன்னு பார்த்தவங்க யாராவது இருந்தா, அந்தப் பையனோட அம்மாவுக்கு அது பெரிய உதவி" என்றார் வக்கீல், என்னையே பார்த்துக்கொண்டு.

மறுநாள் அரை நாள் லீவ் போட்டுவிட்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். லீவ் லெட்டரில் காரணம் எழுதுகிற இடத்தில் கொஞ்ச நேரம் யோசித்து எழுதினேன்: 'பார்த்ததைச் சொல்ல.'

மேனேஜர் படித்துவிட்டு, கேள்வி கேட்காமல் கையெழுத்துப் போட்டார்.