மீளும் குருதி

நிலத்தில் பாய்ச்சிய நீர் மீள்வதில்லை; உடலில் பாயும் குருதியோ ஓயாது மீள்கிறது. எளிதாகத் தோன்றும் இவ்வுண்மையை மருத்துவ உலகம் உணர்வதற்குப் பல நூற்றாண்டுகள் ஆயின.

வாய்க்கால் என எண்ணிய காலம்

மழையை நம்பி வாழும் உசிலம்பட்டிப் பகுதியின் கண்மாய்களுக்கு வைகை அணை நீரைக் கொண்டுசெல்ல அமைக்கப்பட்டது 58 கிராமக் கால்வாய். கால்வாய் நீர் கண்மாயை நிறைக்கும். மடை வழியே வயலை அடையும். பயிரும் மண்ணும் அதனை உறிஞ்சிக்கொள்ளும். வயலில் பாய்ந்த நீர் அணைக்குத் திரும்புவதில்லை.

கி.பி. 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க மருத்துவர் கேலன், குருதியையும் ஏறத்தாழ இவ்வாறே கருதினார். உண்ட உணவிலிருந்து கல்லீரல் குருதியை ஆக்குகிறது. அஃது உறுப்புகளை அடைந்து அங்கேயே செலவாகிவிடுகிறது என்பது அவர்தம் கொள்கை.

ஒரு பெருக்கல் கணக்கு

ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் ஹார்வி, 1628இல் வெளியிட்ட நூலில் இக்கொள்கையை மறுத்தார். ஒரு துடிப்பில் வெளியேறும் குருதியின் அளவைத் துடிப்புகளின் எண்ணிக்கையால் பெருக்கிப் பார்த்தார். இன்றைய அளவுகளைக் கொண்டு நாமும் அக்கணக்கைச் செய்யலாம். ஓய்வுநிலையில் இதயம் ஒரு துடிப்பில் ஏறத்தாழ 70 மி.லி. குருதியை வெளியேற்றுகிறது. நிமிடத்திற்கு 72 துடிப்புகள் எனில் ஏறக்குறைய 5 லிட்டர். ஒரு மணி நேரத்தில் 300 லிட்டர். உண்ணும் உணவிலிருந்து இவ்வளவு குருதி உண்டாதல் இயலாது. ஆகவே, சென்ற குருதியே திரும்பி வருகிறது என்பது தெளிவாயிற்று.

இரட்டைச் சுற்றோட்டம்

இதயம் நான்கு அறைகளை உடையது. மேலறைகள் ஆரிக்கிள்கள், கீழறைகள் வெண்ட்ரிக்கிள்கள். ஆக்சிஜன் குறைந்த குருதி, பெருஞ்சிரைகள் வழியே இதயத்தின் வலப்பக்கத்தை அடைகிறது. அங்கிருந்து நுரையீரலுக்குச் சென்று, கார்பன் டை ஆக்சைடை நீக்கி, ஆக்சிஜனைப் பெற்று இடப்பக்கத்திற்கு வருகிறது. இட வெண்ட்ரிக்கிள் அதனைப் பெருந்தமனி வழியே உடல் முழுமைக்கும் செலுத்துகிறது. ஒரு சுழற்சியில் குருதி இதயத்தை இருமுறை கடப்பதால் இஃது இரட்டைச் சுற்றோட்டம் எனப்படுகிறது.

தமனிகள் கிளைத்துக் கிளைத்து மயிரினும் மெல்லிய தந்துகிகளாகின்றன. தமனியையும் சிரையையும் இணைக்கும் இந்நுண்குழாய்களை ஹார்வி கண்டதில்லை. அவர் மறைந்து நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1661இல், இத்தாலிய அறிஞர் மால்பிகி தவளையின் நுரையீரலை நுண்ணோக்கியில் ஆராய்ந்து அவற்றை வெளிப்படுத்தினார். காலிலிருந்து மேலேறும் குருதி கீழிறங்காதபடி சிரைகளின் வால்வுகள் தடுக்கின்றன. நடக்கும்போது கெண்டைக்கால் தசைகள் அதனை மேல்நோக்கித் தள்ளுகின்றன.

ஐந்து லிட்டரின் அருமை

வளர்ந்த ஒருவரின் உடலிலுள்ள குருதி ஏறத்தாழ 5 லிட்டர் மட்டுமே. மீண்டும் மீண்டும் சுழல்வதால்தான் இச்சிறிய அளவு வாழ்நாள் முழுமைக்கும் பயன்படுகிறது. விபத்தில் பெரிய தமனி அறுபட்டால் அச்சுழற்சி தடைப்படுகிறது. சில நிமிடங்களில் உயிர் பிரியவும் கூடும். தூய துணியால் காயத்தை இறுக அழுத்திப் பிடித்தலும், 108 அவசர ஊர்தியை அழைத்தலும் அந்நேரத்தில் செய்யத்தக்கன.

இழந்த குருதிக்கு ஈடாக ஆலையில் குருதி செய்ய இயலாது. பிறர் ஈந்தால்தான் உண்டு. 18 வயது நிறைந்து, 45 கிலோவுக்குக் குறையாத எடையும் நல்ல உடல்நலமும் உடையோர் குருதிக்கொடை அளிக்கலாம். பொதுவாக ஒருமுறை பெறப்படுவது 350 மி.லி. அதன் நீர்மப்பகுதி ஓரிரு நாள்களிலும், சிவப்பணுக்கள் சில வாரங்களிலும் உடலில் மீண்டும் நிறைந்துவிடும். மாணவர்களே, ஓரிரு ஆண்டுகளில் நீங்களும் அவ்வயதை எட்டுவீர்கள். உசிலம்பட்டியில் ஒருவர் ஈந்த குருதி, மதுரை அரசு மருத்துவமனையில் முகமறியாத மற்றொருவரின் இதயத்தில் சுழலக்கூடும். கொடுத்தவருக்குக் குறைவில்லை, பெற்றவருக்கோ அது வாழ்வு.