ஸ்டீயரிங்குக்கும் ஒரு பூட்டு!

குற்றாலச் சீசனில் பழுதான கார் ஒன்றைக் கயிறு கட்டித் தென்காசிக்கு இழுத்துச் செல்கிறார்கள். தூரம் சுமார் 5 கி.மீ. என்ஜின்தான் ஓடவில்லையே, சாவி எதற்கு என்கிறீர்களா?

சாவியை எடுத்தபின் ஸ்டீயரிங்கைச் சற்றுத் திருப்பினால், அதன் தண்டிலுள்ள பள்ளத்தில் ஓர் எஃகு முளை விழுந்து பூட்டிக்கொள்ளும். திருட்டைத் தடுக்கவே இந்த ஏற்பாடு. பூட்டியபடி இழுத்தால் முன்சக்கரங்கள் திரும்பா. முதல் வளைவிலேயே ஆபத்து!

ஆகவே, ஸ்டீயரிங்கை இலேசாக இருபுறமும் அசைத்தபடி சாவியைத் திருப்ப வேண்டும். அழுத்தம் தளர்ந்து முளை விலகும். வழி முழுவதும் சாவி உள்ளேயே இருக்கட்டும்.

இன்னொன்று: என்ஜின் ஓடாதபோது பிரேக்குக்குத் துணைவிசை கிடைக்காது. பெடலைப் பலமாக மிதிக்க வேண்டும். எனவே, மெதுவாகச் செல்வதே நன்று!