உதகைத் தேவாலயத்தில் திப்புவின் தேக்கு

உதகமண்டலத்துப் புனித ஸ்டீபன் தேவாலயத்தைக் காணச் செல்வோர் வண்ணக் கண்ணாடிச் சாளரங்களையும், இயேசுநாதரின் இறுதி இராவுணவைக் காட்டும் பெரிய ஓவியத்தையும் வியந்து திரும்புவர். நாம் அண்ணாந்து பார்க்க வேண்டியது கூரையைத் தாங்கும் பெரிய உத்திரத்தை. அது சீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் அரண்மனையிலிருந்து பெயர்த்துக் கொணரப்பட்டது.

திப்பு வீழ்ந்தது 1799 மே 4ஆம் நாள். சென்னை ஆளுநர் ஸ்டீபன் ரம்போல்டு லஷிங்டன் இத்தேவாலயத்துக்கு அடிக்கல் நாட்டியது 1829 ஏப்ரல் 23ஆம் நாள். முப்பது ஆண்டுகள் நிறையப் பதினொரு நாட்களே எஞ்சியிருந்தன. கட்டட வரைவு கேப்டன் ஜான் ஜேம்ஸ் அண்டர்வுட்டுடையது. 1830 நவம்பர் 5இல் கல்கத்தாப் பேராயர் டர்னர் இதனைப் பிரதிஷ்டை செய்தார். 1831 ஏப்ரல் 3ஆம் நாள், ஈஸ்டர் பெருநாளன்று, மக்களுக்குத் திறக்கப்பெற்றது.

மலைமேல் மரமா இல்லை என்று மாணவர் வினவலாம். சோலைக்காட்டு மரங்கள் குளிருக்கும் காற்றுக்கும் ஒடுங்கி, குட்டையாக முறுகி வளர்வன. அகன்ற கூடத்தின் மேல் கிடத்தத்தக்க நீளம் அவற்றில் கிட்டுவதரிது. தேக்கோ அவ்வுயரத்தில் வளர்வதில்லை. இன்று உதகையின் அடையாளமாகிவிட்ட தைலமரமும் அந்நாளில் அங்கு வேரூன்றியிருக்கவில்லை. மேலும், பச்சை மரம் உலருங்கால் சுருங்கும், வெடிக்கும். பல்லாண்டு கூரையின்கீழ் உலர்ந்து பதமான தேக்குக்கு அவ்வச்சம் இல்லை. அத்தகைய மரத்தை யானைகள் மலையேற்றின என்பர்.

ஆயினும் தச்சுக் காரணம் மட்டுமே முழுக் காரணமாகாது. வென்றவர்க்கு அவ்வரண்மனை ஒரு மரக்கிடங்காகத் தோன்றியது. கீழக்கரைப் பழம் பள்ளிவாசலின் கற்றூண்களில் தமிழ்நாட்டுக் கோயிற் சிற்பமரபு தெரிகிறது; அது ஒருங்கு வாழ்ந்தோரிடையே நிகழ்ந்த கொடுக்கல் வாங்கல். உதகை உத்திரத்தை அவ்வரிசையில் சேர்த்து ‘சமய ஒற்றுமைச் சின்னம்’ எனச் சிலர் புகழ்வதை நாம் ஏற்பதற்கில்லை. அது போர்ப்பொருள். அதற்காக, அதன்கீழ் தலைமுறை தலைமுறையாக வழிபட்டுவரும் எளிய மக்கள்மீது எவ்வகைக் குறையும் சாராது. அவர்கள் பேணியிராவிடில் அத்தேக்கும் என்றோ விறகாகியிருக்கும்.

அவ்வரண்மனை எவ்வாறு இருந்திருக்கும் என ஊகிக்க விரும்புவோர், சீரங்கப்பட்டணத்தில் 1784இல் எழுந்த தரியா தவுலத்து மாளிகையைக் காணலாம். அதன் தூண்களும் பெரும்பாலும் தேக்கே. சற்றுத் தொலைவிலுள்ள கும்பஸில் திப்பு தம் பெற்றோர் அருகே துயில்கிறார்.