'கே' என்று சொல்வதா, வேண்டாமா? கத்தோலிக்கர்களுக்குள் நடக்கும் ஒரு வார்த்தைப் பஞ்சாயத்து

ஈவ் டஷ்நெட். அமெரிக்க எழுத்தாளர். தன்பாலீர்ப்பு உள்ளவர் என்பதை மறைக்காதவர். 1998-ல், யேல் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போதே கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தார். 'போயும் போயும் அங்கேயா?' என்று கேட்கத் தோன்றுகிறதா?

காரணம் இருக்கிறது. திருச்சபையின் மறைக்கல்வி நூல், தன்பாலின உறவை ஏற்பதில்லை. ஈர்ப்பு மட்டும் இருந்தால் பாவம் இல்லை. ஆனாலும் அது ஒழுங்கு பிறழ்ந்தது என்கிறது. அதே பத்தியிலேயே இவர்களை மதிப்போடும் இரக்கத்தோடும் ஏற்க வேண்டும், அநியாயமாக ஒதுக்கக் கூடாது என்றும் சொல்கிறது.

அதன் தீர்வு, கற்பு. நம் ஊரில் கற்பு என்றதும் எல்லோரும் பெண்கள் பக்கம்தான் திரும்புவார்கள். திருச்சபையில் அது ஆண், பெண் எல்லோருக்கும் பொது. மணமானவர்களுக்கு உண்மையாக இருப்பது, மற்றவர்களுக்கு விலகி இருப்பது. சிக்கல் எங்கே என்றால், மற்றவர்களுக்கு நாளை கல்யாணம் ஆகலாம். இவர்களுக்கு அந்தக் கதவே கிடையாது.

இந்தப் பாதையில் நடப்பவர்களுக்காக 1980-ல் நியூயார்க்கில் தொடங்கியது 'கரேஜ்' அமைப்பு. 'கே' என்ற அடையாளம் வேண்டாம், ஈர்ப்பு என்பது ஒருவரின் முழு அடையாளம் ஆகாது என்பது அவர்கள் வாதம். 1969-ல் தொடங்கிய 'டிக்னிட்டி' அமைப்போ, இந்தப் போதனையே மாற வேண்டும் என்கிறது. டஷ்நெட் இரண்டுக்கும் நடுவில். உறவைத் தவிர்க்கிறார், 'கே' என்ற சொல்லை விடமாட்டேன் என்கிறார். எதைச் செய்யக் கூடாது என்று சொல்லும் திருச்சபை, யாரை எப்படி நேசிக்கலாம் என்று சொல்லித்தர வேண்டாமா என்பது 2014-ல் வந்த அவரது 'கே அண்ட் கத்தோலிக்' புத்தகத்தின் கேள்வி. நட்பு, சேவை இரண்டையும் பதிலாக வைக்கிறார்.

'பிரைடு' என்ற சொல்லிலும் இதே இழுபறிதான். தலையான பாவங்கள் ஏழில் முதலாவதற்கும் ஆங்கிலத்தில் அதே பெயர். தமிழில் ஆணவம் வேறு, பெருமிதம் வேறு என்று பிரித்துவிட்டோம். பேரணியில் நடப்பவர்கள் கேட்பது ஆணவத்தை அல்ல, வெட்கப்படாமல் வாழும் உரிமையை. செய்த தவறுக்குக் குற்ற உணர்வு வரலாம். எதுவுமே செய்யாத ஒரு பிள்ளை, தான் பிறந்ததே தப்பு என்று குறுகுவது எப்படிச் சரியாகும்?

2013-ல் விமானத்தில் செய்தியாளர்களிடம் போப் பிரான்சிஸ், இப்படிப்பட்ட ஒருவர் நல்ல மனதோடு கடவுளைத் தேடினால் தீர்ப்பிட நான் யார் என்று கேட்டார். 2023 டிசம்பரில் இத்தகைய ஜோடிகளை ஆசீர்வதிக்கவும் அனுமதி வந்தது. ஆனால் அது திருமணம் அல்ல. போதனை மாறவில்லை.

இதற்கெல்லாம் முன்பே, 1997-ல் அமெரிக்க ஆயர் பேரவையின் குழு ஒன்று பெற்றோர்களுக்கு ஒரு மடல் எழுதியது. போதனையில் ஓர் எழுத்தைக்கூட அது விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால், வீட்டில் ஏற்காததால் தெருவுக்கு வரும் பிள்ளைகள் ஏராளம் என்று சுட்டிக்காட்டியது. பெற்றோர்களிடம் அது கேட்டது, பிள்ளையோடு பேச்சை முறித்துக்கொள்ளாதீர்கள் என்று. மடலின் தலைப்பு, 'எப்போதும் நம் பிள்ளைகள்'.