அரைப் பைசாவின் கணக்கு

இருபத்தைந்து பைசாவும் அதற்குக் கீழ்ப்பட்ட நாணயங்களும் 2011 ஜூன் 30-ஆம் தேதியோடு செலாவணியிலிருந்து மறைந்துவிட்ட போதிலும், தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு நாமக்கல் மண்டலத்துக்கு அறிவிக்கும் பண்ணைக் கொள்முதல் விலை, ஐந்து பைசா கூடிற்று, பத்துப் பைசா இறங்கிற்று என்றே இன்றளவும் பேசப்பட்டு வருகிறது. கையில் எடுத்துக் கொடுக்க இயலாத அரைப் பைசாவே ஒரு கோடி முட்டைக்கு ஐம்பதாயிரம் ரூபாயாகிவிடும் என்றால், அதை அற்பமென்று தள்ளுவதற்கில்லை.

நான்கு நாள் விலை 490, 490, 495, 495 பைசா என்றும், அவற்றின் சராசரிக்கு ஒரு லட்சம் முட்டை கைமாறிற்று என்றும் வைத்துக்கொள்வோம். சராசரி 492.5 பைசா. கணக்கர் எக்செல் விரிதாளில் அந்தக் கட்டத்தைத் தசமப் புள்ளியின்றிக் காட்டும்படி அமைத்தால், திரையில் 493 என்று தெரியும். மாறியது தோற்றமே அன்றி, உள்ளே இருப்பது 492.5-தான். ஆகவே விரிதாள் 4,92,500 ரூபாய் என்று கிரயம் சொல்ல, அச்சிட்ட தாளிலுள்ள 493-ஐ லட்சத்தால் பெருக்கிப் பார்ப்பவருக்கு 4,93,000 ரூபாய் வரும். ஐந்நூறு ரூபாய் வித்தியாசத்துக்காக இருவரும் ஒருவரையொருவர் சந்தேகிப்பார்கள். இருவர் மீதும் குற்றமில்லை.

உள்ளிருக்கும் எண்ணையே மாற்றுவது ‘ரவுண்ட்’ என்னும் சூத்திரம். அடைப்புக்குறிக்குள் முதலில் எண்ணையும், அடுத்து எத்தனை தசம ஸ்தானம் வேண்டுமென்பதையும் தருகிறோம்: 0 என்றால் முழு எண், 2 என்றால் ரூபாய்க்குப் பின் பைசா, -1 என்றால் பத்துகள். சரிபாதி வந்தால் அது மேலே ஏற்றிவிடும். எப்போதும் மேலே ஏற்றுவது ஒருபக்கச் சாய்வாகும் என்று கருதி, பாதியை அருகிலுள்ள இரட்டைப்படை எண்ணுக்குக் கொண்டுபோகும் முறையும் உண்டு, அதன்படி 492.5 என்பது 492 ஆகும், 493.5 என்பது 494 ஆகும். எம்முறையாயினும், எந்தக் கட்டத்தில் முழுதாக்குகிறோம் என்பதே பிரதானமான விஷயம்.

நம் தேசமே இதை ஒருமுறை அனுபவித்திருக்கிறது. 1957 ஏப்ரல் 1-ஆம் தேதி நயா பைசா வந்தபோது, ஓரணா என்பது கணக்குப்படி ஆறேகால் நயா பைசா. அதை ஆறாக முழுதாக்கினார்கள். எட்டணாவை மொத்தமாக மாற்றியவருக்கு 50 நயா பைசா; அதையே ஓரணா ஓரணாவாக எட்டு முறை மாற்றியவருக்கு 48-தான். கனடாவின் வான்கூவர் பங்குச் சந்தையில் 1982-இல் 1000-இல் தொடங்கிய குறியீடு, ஒவ்வொரு கணக்கீட்டிலும் மூன்று ஸ்தானத்துக்கு அப்பாலுள்ளதை வெட்டியெறிந்ததனால், அடுத்த ஆண்டு நவம்பரில் 524 அளவுக்குச் சரிந்து கிடந்தது. திருத்திக் கணக்கிட்டபோது அது 1098-ஐத் தாண்டியிருந்தது.

தீவனக் கடனோடு பண்ணை நடத்தும் சிறு பண்ணைக்காரருக்கு ஐந்நூறு ரூபாயும் கனமானதே. ஆதலால் கணக்கு எழுதுவோர் சராசரி விலையைப் பின்னத்தோடு அப்படியே விட்டு, முட்டை எண்ணிக்கையால் பெருக்கி வந்த இறுதித் தொகையை மட்டும் ஒரே ஒருமுறை முழுதாக்க வேண்டும். அதையும் விலைச்சீட்டின் அடியில் ஒரு வரியாக எழுதிவைக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.