மாடியும் மண்ணும் – 17: பூச்சி தின்னும் செடிக்குப் பத்தியம்

போன வாரம் ரோஜாவைப் பற்றி எழுதியதற்குக் கேள்விகள் நிறைய வந்தன. ஆனால் ரோஜாவோடு சம்பந்தமே இல்லாத ஒரு படம்தான் இந்த வாரத்தைப் பிடித்துக்கொண்டது. அனுப்பியவர் புதுச்சேரி முத்தியால்பேட்டை வாசகி ஒருவர். பையனின் பிறந்தநாளுக்கு ஆன்லைனில் வாங்கிய வீனஸ் ஃப்ளைட்ராப் என்ற பூச்சி தின்னும் செடி. “தினம் ஒரு எறும்பாவது அடிச்சுக் கொண்டுவந்து போடுறான் சார். அப்படியும் கருகிக்கிட்டே போகுது. பசி அடங்கலையோ என்னவோ” என்று குரல் பதிவும் இருந்தது.

படத்தில் வாய்கள் பாதி கருத்திருந்தன. நான் முதலில் பார்த்தது அதையல்ல. தொட்டியின் விளிம்பில், மண்ணுக்கு ஒரு விரற்கடை மேலே, சுண்ணாம்பு தீற்றியதுபோல் வெள்ளையாக ஒரு வளையம் ஓடியது. உப்பு.

அந்தச் செடிக்குப் பசியில்லை. நாம் ஊற்றும் தண்ணீர்தான் அதைத் தின்றுகொண்டிருக்கிறது. புதுச்சேரியில் வாடி நிற்கும் ஃப்ளைட்ராப்களில் முக்கால்வாசியின் கதை இதுதான் என்பது என் கணிப்பு.

ஃப்ளைட்ராப்பின் பிறந்த ஊர் அமெரிக்காவில், வட, தென் கரோலினா மாநிலங்களின் கடலோரச் சதுப்பு. உலகில் வேறெங்கும் அது தானாக முளைத்ததில்லை. அந்த மண் புளித்த மண். மழை கழுவிக் கழுவித் தழைச்சத்து, மணிச்சத்து இரண்டும் சொற்பமாகிவிட்ட மண். உரம் தேடும் வேலையை அங்கே இலை எடுத்துக்கொண்டது. வேருக்கு மிஞ்சியது பெரும்பாலும் தண்ணீர் உறிஞ்சும் வேலைதான். அந்த வேரைக் கொண்டுவந்து செம்மண், மண்புழு உரம், போர்வெல் தண்ணீரில் நட்டால் அது வெந்துபோகாமல் என்ன செய்யும்?

இந்தியத் தரக் குறியீட்டின்படி குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருக்கலாம்; வேறு தண்ணீர் கிடைக்காத ஊரில் 2000 வரை போகலாம். பூச்சி தின்னும் செடி வளர்ப்பவர்கள் வைத்திருக்கும் எல்லையோ 50. நமக்கு நல்ல தண்ணீரே அதற்குப் பத்து மடங்கு கடினம். கடலோரத்தில் நிலத்தடி நீரில் உப்பேறி வருவது ஊரறிந்த சேதி. இந்தச் செடிக்குத் தொட்டியின் அடியில் தட்டு வைத்து, எப்போதும் ஒரு செ.மீ. தண்ணீர் நிற்கும்படி விடுவது வழக்கம். தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. 500 அளவுள்ள தண்ணீர் வாரம் ஒரு லிட்டர் போனால் அரை கிராம் உப்பு தங்கும். இரண்டு மாதத்தில் நாலு கிராம். கையளவுத் தொட்டியைக் கெடுக்க இது போதும்.

ஆகவே பத்தியம் தண்ணீரில் தொடங்க வேண்டும். கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, முதலில் அதை வாங்குங்கள். “வீட்டில் ஆர்.ஓ. இருக்கிறதே” என்று நம்பிவிட வேண்டாம். ருசிக்காகச் சுத்திகரிக்காத தண்ணீரையே கொஞ்சம் திரும்பக் கலக்கும் மெஷின்கள் உண்டு, அளந்து பார்த்துவிட்டே ஊற்றுங்கள். கேன் தண்ணீருக்கும் இதே விதி. இன்வெர்ட்டர் பேட்டரிக்கு விற்கும் டிஸ்டில்டு வாட்டர் நல்லது. கடையில் பேட்டரி ஆசிட்டும் பக்கத்திலேயே இருக்கும், லேபிளைப் படித்து வாங்குங்கள். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர் உப்பில்லாதது, ஆனால் சுருளின் தூசியும் செம்பும் சேர்ந்து வரலாம். அவசரத்துக்கு மட்டும்.

எல்லாவற்றிலும் உயர்ந்தது மழைத் தண்ணீர். நம் ஊர் மழையில் பெரும்பங்கு அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டிவிடுகிறது. பத்துச் சதுர மீட்டர் தளத்தில் 2 செ.மீ. பெய்தால் 200 லிட்டர், அதாவது ஒரு டிரம். முதல் மழையைத் தளம் கழுவ விட்டுவிட்டு அடுத்ததைப் பிடித்து, கொசு புகாமல் வலை கட்டி மூடிவைத்தால் சின்னத் தொட்டிகள் சில கோடை வரை தாங்கும்.

மண் என்றால் பீட் பாசியும் பெர்லைட்டும் கலந்தது, அல்லது ஸ்பாக்னம் பாசி மட்டும். கோகோபீட்டில் உப்பு இருக்கும். நல்ல தண்ணீரில் பலமுறை அலசாமல் தொடாதீர்கள். எந்த உரமும் வேண்டாம். மண்சட்டியும் வேண்டாம், அதிலிருந்தும் உப்பு இறங்கும். கருகிய செடியைக் காப்பாற்ற முடியுமா என்று தெரிய, மெதுவாகப் பிடுங்கிக் கிழங்கைப் பாருங்கள். வெள்ளையாய், அழுத்தினால் கெட்டியாய் இருந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாய்க் குழைந்த பாகத்தை வெட்டியெறிந்து, மிச்சத்தை மழைத் தண்ணீரில் அலசி, ஈரப் பாசியில் வைக்கலாம். ஓரிரண்டு பழைய வாய்கள் கருகுவது இயல்பு. நடுக்குருத்து பச்சையாக வருகிறதா என்பதே கேள்வி.

இப்போது பையனின் எறும்புக்கு வருவோம். வாய்க்குள் இருக்கும் நுண்மயிரை ஏறக்குறைய 20 வினாடிக்குள் இரண்டு முறை தொட்டால்தான் அது மூடும். மூடியபின்னும் உள்ளே இரை துள்ள வேண்டும். ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தார் 2016இல் காட்டியபடி, தொடுதல் ஐந்தைத் தொட்டபிறகே செரிமான நீருக்கான ஏற்பாடு சூடுபிடிக்கிறது. செத்த எறும்பு துள்ளுமா? சும்மா மூடி, ஓரிரு நாளில் சும்மா திறக்கும். ஒரு வாய் சில தடவைதான் வேலை செய்யும். அதை இப்படி வீணடிக்கக் கூடாது. டார்வின் 1875இல் பூச்சி தின்னும் செடிகளுக்கென்றே தனிப் புத்தகம் எழுதினார். சில வருஷம் கழித்து அவர் மகன் ஃபிரான்சிஸ், பனிப்பூண்டு என்ற இன்னொரு வகைப் பூச்சி தின்னும் செடிகளில் பாதிக்கு இறைச்சித் துணுக்கு கொடுத்து, மீதியைப் பட்டினி போட்டுப் பார்த்தார். தின்றவை கூடுதலாகப் பூத்துக் காய்த்தன. பட்டினி கிடந்தவையும் பிழைத்தே இருந்தன. வெயிலும் சுத்தத் தண்ணீரும் இருந்தால் ஊட்டவே வேண்டாம், மாடியில் கொசுவுக்கும் ஈக்கும் பஞ்சமா?

இத்தனை செய்தாலும் ஒரு சிக்கலை நம்மால் தீர்க்க முடியாது. கரோலினாவில் குளிர்காலம் உண்டு. செடி மூன்று நாலு மாதம் உறங்கும். நமக்கு மார்கழி, தை ராத்திரியிலும் 20 டிகிரிதான். உறக்கமில்லாத செடி வருஷத்துக்கு வருஷம் மெலியும். ஈரப் பாசியில் சுற்றி ஃப்ரிட்ஜின் காய்கறிப் பெட்டியில் தூங்கவைப்பவர்கள் இருக்கிறார்கள். பூஞ்சணம் பிடிக்காமல் தப்பினால் பலன் உண்டு. இட்லி மாவுக்கே இடம் போதாத ஃப்ரிட்ஜில் இதைச் செய்யச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வெளியூர்ச் செடியைப் புதுச்சேரிக்குப் பழக்குவது பழைய ஆசைதான். பிரெஞ்சுக்காரர்கள் 1826இல் தாவரவியல் பூங்கா தொடங்கியதும், பெரோத்தே என்ற தாவரவியலாளர் 1870இல் இங்கேயே கண்மூடும்வரை செடிகளோடு மாரடித்ததும் அந்த ஆசையில்தான். பிழைக்கக்கூடியதைத் தேர்ந்தால் பாதி வேலை முடிந்தது. பூச்சி தின்னும் செடிதான் வேண்டும் என்றால் என் சிபாரிசு நெப்பந்தஸ், அதாவது குடுவைச் செடி. அதிலும் தாழ்நில வகை. இலங்கையின் ஈரமண்டலத்துக் காடுகளில் நெப்பந்தஸ் டிஸ்டில்லடோரியா வளர்கிறது. நம் புழுக்கம் அந்த வகைக்கு வீட்டுச் சாப்பாடு. மேகாலயாவின் நெப்பந்தஸ் காசியானா இந்தியாவுக்கே உரிய ஒரே நெப்பந்தஸ்; காட்டிலிருந்து எடுத்ததை யார் விற்றாலும் வாங்காதீர்கள், அது சர்வதேச வணிகத் தடைப் பட்டியலில் இருக்கிறது. பிரான்ஸிலிருந்து வரும் சொந்தக்காரர் பெட்டிக்குள் செடி கொண்டுவருவதும் நம் ஊரில் சகஜம். 2003ஆம் வருஷத்துத் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணைப்படி அனுமதியும் சுகாதாரச் சான்றும் இல்லாமல் அது கூடாது.

குடுவைச் செடியைத் தட்டுத் தண்ணீரில் நிறுத்த வேண்டாம்; மேலே ஊற்றி வடியவிடுங்கள். முற்றமும் தாழ்வாரமும் உள்ள பழைய தமிழ் வீடு இதற்கென்றே கட்டியதுபோல் இருக்கும். பிரச்சினை கத்திரி வெயிலில்தான். கடற்காற்று நடுப்பகல் தாண்டியும் வராத நாளில் மேற்கேயிருந்து அனல் அடிக்கும். இலை நுனியில் அரும்பிய குடுவை பட்டாணி அளவிலேயே காய்ந்துவிடும். அந்த வாரங்களில் செடியை மேற்குச் சுவரிலிருந்து எடுத்து, காலை வெயில் மட்டும் படும் இடத்தில், மற்ற தொட்டிகளின் நடுவே தொங்கவிடுங்கள். கடற்கரை ஒட்டிய வீடுகளில் காற்றே உப்பைக் கொண்டுவந்து இலையில் பூசும். வாரம் ஒருமுறை மழைத் தண்ணீரால் துடைக்க வேண்டியிருக்கும். தபாலில் வந்த குடுவை காலியாக இருந்தால் சுத்தத் தண்ணீர் கால்வாசி ஊற்றலாம், அதற்குமேல் வேண்டாம்.

முத்தியால்பேட்டைச் செடியைப் பாசிக்கு மாற்றச் சொல்லியிருக்கிறேன். பையனுக்கு எறும்பு பிடிக்கும் வேலை போய், மீட்டர் பிடிக்கும் வேலை.

அடுத்த வாரம்: மாடியில் வாழை, குலை தள்ளும் முன் செய்ய வேண்டியவை.